ஆறு மணிக்குள் மறக்கலாம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜெசிந்தாவிடம் எதைச் சொன்னாலும் அது சாயங்காலத்துக்கு மேல் உயிரோடு இருக்காது என்பது அந்த விடுதியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஜெசிந்தாவுக்கு மட்டும்தான் தெரியாது.

சுத்தமாகத் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாட்டு வேளையில் அவளுக்கு அது தெரியவரும். "அடப்பாவிகளா, என்னையச் சர்ச்சுப் பாவசங்கீர்த்தனக் கூண்டாக்கிட்டீங்களாட்டி!" என்று விழுந்து விழுந்து சிரிப்பாள். ஆறு மணிக்குள் மறந்துவிடுவாள். அடுத்த ஞாயிறு முதலிலிருந்து மறுபடி சிரிப்பாள்.

கோயம்புத்தூரில், பீளமேட்டுப் பக்கம் ஒரு சந்தில் இருந்தது ருக்மணியக்காவின் விடுதி. அங்கே தங்கியிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே ரகம். எங்கேயோ பனி பெய்யும் நாட்டில் ஐந்தாறு வருடம் மருத்துவம் படித்துவிட்டு வந்து, இங்கே உரிமத் தேர்வில் தேறினால்தான் ஊசியைத் தொடலாம் என்பதால் மறுபடி புத்தகத்தோடு உட்கார்ந்தவர்கள். ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி, கிர்கிஸ்தானில் படித்தவள். தேர்வை முதல் முறை எழுதியபோது தாராளமாகத் தோற்றாள். இரண்டாம் முறை மூன்றே மதிப்பெண்ணில் தோற்றாள். தாராளமாகத் தோற்றபோது வராத அழுகை அப்போது வந்தது.

படிப்பதில் அவளுக்குச் சிரமம் இல்லை. எங்கே நிற்கிறோம் என்று தெரியாததுதான் சிரமம். பயிற்சிக் கேள்விகள் சந்தையில் மூட்டை மூட்டையாகக் கிடைத்தன. ஆனால் தேர்வு வாரியம் தானே தயாரித்து வெளியிட்ட மாதிரித் தாள்கள் நாலே நாலு. அவற்றில் என்ன மதிப்பெண் வருகிறதோ கிட்டத்தட்ட அதுதான் அசல் தேர்விலும் வரும். சிக்கல் என்னவென்றால், ஒரு தாளை ஒரு முறைதான் எழுதிப் பார்க்க முடியும். இரண்டாம் முறை எழுதினால் பாடம் தெரிந்து விடை போடுகிறோமா, கேள்வி ஞாபகத்தில் போடுகிறோமா என்று நமக்கே தெரியாது.

ஆகவே எந்தத் தாளை எப்போது எடுப்பது என்பதே விடுதியின் ஓயாத அரசியலாக இருந்தது. முதல் வாரத்திலேயே ஒருத்தி ஆர்வத்தில் நாலையும் எழுதித் தீர்த்துவிட்டு, பிறகு தீபாவளிக்கு முதல் நாளே பட்டாசு முழுவதையும் வெடித்துவிட்ட குழந்தைபோலத் திரிந்தாள். ஜெசிந்தாவின் அறைத்தோழி தாரிணி, ஈரோட்டுக்காரி, நாலையும் தொடாமல் கல்யாணப் புடவைபோலப் பத்திரப்படுத்தியிருந்தாள்.

அந்தத் தாரிணிதான் ஒருநாள் செய்தி கொண்டுவந்தாள். காந்திபுரத்தில் ஒரு கடையில் புதுச் சாதனம் வந்திருக்கிறது. தலையில் மாட்டிக்கொண்டு தாளை எழுதலாம், எழுதியதும் மறந்துவிடலாம், அடுத்த மாதம் அதே தாளைப் புதுசாக எழுதலாம்.

இருவரும் போனார்கள். சாதனம் பார்ப்பதற்குச் சாதாரணத் தலைப்பட்டைதான். ஓரத்தில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு. கடையில் இருந்த பெண் அதை ஜெசிந்தாவின் தலையில் பொருத்தி அளவெடுத்துக்கொண்டே விளக்கினாள்.

"சிமெண்ட் மாதிரிங்க. காலையில நீங்க பாத்தது கேட்டதெல்லாம் சாயங்காலம் வரைக்கும் ஈரமாத்தான் இருக்கும். ஈரத்துலயே தேச்சு விட்டுட்டா தடமே தெரியாது. காஞ்சிருச்சுன்னா கடவுளே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"படிச்சது எல்லாம் சேந்து போயிறாதா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"பட்டையோட படுத்துத் தூங்குனாத்தான் துடைக்கும். மாட்டுன நிமிஷத்துல இருந்து படுக்கற நிமிஷம் வரைக்குந்தான் போகும். அதுக்கு முன்னாடி படிச்சது அப்படியே இருக்கும். தூங்கி எந்திரிச்சதும் மார்க்கு போனுக்கு வந்துரும். எந்தப் பாடத்துல வீக்குன்னும் வரும். கேள்வி மட்டும் ஞாபகம் இருக்காது."

"எழுதி முடிச்சவுடனே படுத்துக்கலாமா?"

"உடனே வேண்டாங்க, தலை வெடிச்சிரும். சாப்புட்டு, நாலு பேருகிட்டப் பேசி, மூளை கொஞ்சம் ஆறட்டும். ஆனா ஆறு மணியத் தாண்டப்படாது. அப்புறம், வாரம் ஒருக்காத்தான். இன்னொண்ணுங்க, மாட்டிட்டுத் துடைக்காம விட்டுட்டீங்கன்னா பட்டை பூட்டிக்கும். மறுபடி உங்க தலைக்கு அளவெடுக்க ரெண்டு மாசம் ஆகும்."

"இஸ்கூல் டஸ்டரேதான்டி," என்றாள் தாரிணி. அன்றிலிருந்து அதற்கு டஸ்டர் என்றே பெயர் ஆயிற்று. ஆனால் அவள் வாங்கவில்லை. "என்ற மண்டைக்குள்ள வெளியாள் யாரும் கூட்டிப் பெருக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

டஸ்டர் வேலை செய்தது. ஞாயிறு காலை எழுந்ததும் பட்டையை மாட்டுவாள். மதியம் வரை தாள். பிறகு சாப்பாடு, பேச்சு. அப்புறம் படுக்கை. விழிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை கையைவிட்டுப் போயிருக்கும். பதிலுக்குக் கைப்பேசியில் ஓர் எண் காத்திருக்கும். நூற்று முப்பத்தெட்டு. மருந்தியல் மோசம். அந்த வாரம் முழுக்க மருந்தியல். அடுத்த ஞாயிறு நூற்று நாற்பத்து மூன்று. கண், காது, மூக்கு மோசம். இப்படி வாரத்துக்கு ஒரு தாளாக எடுத்து, நாலும் முடிந்ததும் மறுபடி முதல் தாளுக்கு வந்தாள். தேறுவதற்கு முந்நூற்றுக்கு நூற்றைம்பது வேண்டும். தராசில் ஏறி எடை பார்ப்பதுபோல வாராவாரம் தன்னைப் பார்த்துக்கொண்டாள். யாருக்கும் கிடைக்காத வரம் தனக்குக் கிடைத்துவிட்டதாகவே நினைத்தாள்.

சின்னச் சின்னச் சேதாரங்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்மா போன் செய்வாள். அண்ணன் குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று ஒரு ஞாயிறு சொல்லி, இருவரும் அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசினார்கள். செவ்வாய்க்கிழமை ஜெசிந்தா போன் செய்து, "பிள்ளைக்கு இன்னும் பேரே வைக்கலயாம்மா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

அந்த இடத்தை விடுதிக்காரிகள் பிடித்துக்கொண்டார்கள்.

முதலில் தாரிணிதான் ஆரம்பித்தாள். பச்சை விளக்கு எரிகிற ஒரு மதியம், சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஏன்டி, உங்கம்மா அனுப்புன மக்ரூன் டப்பாவ எறும்பு அரிச்சிருச்சுன்னு சொன்னேனில்ல? எறும்பெல்லாம் இல்ல, நாந்தான்" என்றாள். ஜெசிந்தா தட்டால் அடிக்கப் போய், சிரித்து, மன்னித்து, தூங்கி, மறந்தாள். தாரிணிக்கு அது பிடித்துப்போயிற்று. திட்டும் வாங்கியாயிற்று, மன்னிப்பும் வாங்கியாயிற்று, திங்கட்கிழமை முகத்தைப் பார்க்கும் சங்கடமும் இல்லை. விஷயம் பரவியது. எதிர் அறைப் பெண், தாஷ்கண்டில் விட்டுவிட்டு வந்த ஒருவனைப் பற்றி வந்து அழுதாள். மாடி அறைக்காரி, தனக்கு ரத்தத்தைப் பார்த்தால் இன்றுவரை மயக்கம் வரும் என்றும், அப்பாவிடம் அதை எப்படிச் சொல்வது என்றும் கேட்டாள். ஜெசிந்தாவும் நேரம் ஒதுக்கிக் கேட்டு, யோசனை சொல்லி, சிலருக்குத் தானே வந்து பேசுவதாக வாக்கும் கொடுத்தாள். பிறகு போய்ப் படுத்தாள். வந்தவர்கள் முகம் கழுவிக்கொண்டதுபோலத் தெளிவாகத் திரும்பிப் போனார்கள். கொடுத்த வாக்கை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. ஞாபகப்படுத்தினால் அந்த மதியத்தின் சௌகரியம் போய்விடுமே.

தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தபோது வந்த ஞாயிறு நல்ல வெயில். அன்று நாலாம் தாள். கடைசிக் கேள்விக்கு வரும்போது கையில் நிறைய நேரம் மிச்சம் இருந்தது. அப்படி ஒருநாளும் இருந்ததில்லை. திரையில் மதிப்பெண் விழுந்தது: நூற்று அறுபத்தொன்று. ஜெசிந்தா நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள்ளேயே ஒரு சுற்று ஆடினாள். இது மறந்துபோகும் என்பதுகூட அவளுக்கு வருத்தமாக இல்லை. எழுந்ததும் கைப்பேசி சொல்லும், அப்போது இன்னொரு முறை ஆடலாம்.

தாரிணியும் மற்றவர்களும் சினிமாவுக்குப் போயிருந்தார்கள். விடுதியே அமைதியாக இருந்தது. சாப்பாட்டுத் தட்டோடு ருக்மணியக்காவே மாடிக்கு வந்தார். அதுவே அதிசயம். ஐம்பது தாண்டியவர். மோட்டார் ஓடுகிற சத்தத்தையும் மீறி மூன்று மாடிக்கும் கேட்கிற குரல். வெந்நீர் வீணாகிறது, பல்பு எரிகிறது, கேட்டைச் சாத்தவில்லை என்று நாளெல்லாம் கீழே நின்றபடியே விடுதியை நடத்துகிறவர். கணவர் போய் வெகுகாலம் ஆயிற்று. மகன் கனடாவில்.

"அரிசிம்பருப்புச் சோறு. நெய் ஊத்தியிருக்குது, சூடா சாப்புடு," என்று தட்டை வைத்தவர், போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்தார். பச்சை விளக்கைப் பார்த்தார்.

"எரியுதில்ல?"

"எரியுதுக்கா. ஏன்?"

"ஒண்ணுமில்ல கண்ணு. ஒண்ணு சொல்லோணும். சொல்லிட்டுப் போயிருவேன். நீ பாட்டுக்கு மறந்துரு."

ஜெசிந்தா வாயில் சோற்றோடு தலையாட்டினாள். வாடகையை ஏற்றப்போகிறாரோ என்று நினைத்தாள்.

ருக்மணியக்கா குரலைத் தாழ்த்திப் பேசி அவள் கேட்டதே இல்லை. அன்று தாழ்ந்த குரலில் சொன்னார். இடது மார்பில் ஒரு கட்டி. வலி இல்லை. குளிக்கும்போது கையில் பட்டது. ஆடிக்கு முன்னாலிருந்தே இருக்கிறது.

"நான் பாக்கலாமாக்கா?"

கையைக் கழுவிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள். ஜன்னல் வெளிச்சத்துப் பக்கம் அக்காவைத் திருப்பி உட்காரவைத்தாள். சோதிக்க வேண்டிய முறையை விரல்கள் தாமாகவே நினைவு வைத்திருந்தன. கட்டி கல்லைப்போல இருந்தது. நகர்த்தினால் வழுக்கிக்கொண்டு ஓடவில்லை. அதன் மேல் தோல் கொஞ்சம் உள்ளே இழுத்து, ஆரஞ்சுப் பழத்தோலைப்போல் குழிகுழியாக இருந்தது. அக்குளில் ஒரு சின்ன நெறிகட்டி. காலையில் எழுதிய தாளில் இதேபோல ஒரு கேள்வி வந்திருந்தது: ஐம்பத்திரண்டு வயதுப் பெண், வலியில்லாத கட்டி, அடுத்து செய்ய வேண்டியது என்ன? நாலு விடை கொடுத்திருந்தார்கள். அவள் சரியாகத்தான் போட்டிருந்தாள்.

"சேலையச் சரிபண்ணிக்கோங்கக்கா," என்றாள். "இத உடனே பெரிய ஆஸ்பத்திரியில காட்டணும். ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனை பண்ணணும். தள்ளிப் போடக்கூடாது."

"பாக்கலாம், பாக்கலாம்."

"பாக்கலாம் இல்லக்கா. நாளைக்கே போவோம். நானே கூட்டிட்டுப் போறேன்."

சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். மனசு பரபரவென்று கணக்குப் போட்டது. தாரிணியிடம் சொல்லிவைக்கலாம் என்றால், அவள் சினிமாவிலிருந்து வருவதற்குள் ஆறு தாண்டிவிடும். கைப்பேசியில் குறித்துவைக்கலாம்தான், ஆனால் மறந்துரு என்றல்லவா அக்கா சொன்னார். துடைத்துவிட்டால் நாளைக்கு இது தெரியாது. துடைக்காவிட்டால் பட்டை பூட்டிக்கொள்ளும், தேர்வு முடிகிற வரைக்கும் திறக்காது. நூற்று அறுபத்தொன்று வந்திருக்கிறது. அக்கா ஒன்றும் குழந்தை இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. வேண்டுமென்றால் நாளைக்கு அவரே வந்து இன்னொருமுறை சொல்லட்டும்.

ருக்மணியக்கா முந்தானையை இழுத்துச் செருகினார். எழுந்தவர் வாசலில் நின்றார்.

"இதையேதான் கண்ணு போன ரெண்டு வாட்டியும் சொன்ன."

"எந்த ரெண்டு வாட்டி?"

"போன ஞாயித்துக்கெழமை. அதுக்கு முந்துன ஞாயித்துக்கெழமை. இப்புடித்தான் கைய வச்சுப் பாத்த. நாளைக்கே போலாம், நானே கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன. அப்புறம் போய்ப் படுத்துக்கிட்ட."

தட்டில் சோறு அப்படியே இருந்தது. போன ஞாயிறு என்ன நடந்தது என்று ஜெசிந்தா தேடிப் பார்த்தாள். பட்டையை மாட்டியது ஞாபகம் இருந்தது. விழித்தது ஞாபகம் இருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. பூசிய சுவர்போல மழமழவென்று இருந்தது.

"திங்கக்கெழமை நான் உங்கள ஒண்ணுமே கேக்கலயாக்கா?"

"மோட்டார் ஏன் ஓடலன்னு கேட்ட."

"போவுது உடு," என்றார் அக்கா. "மறந்துருன்னு நாந்தான சொன்னேன். உன்ற மேல தப்பில்ல."

ஜெசிந்தா எழுந்தாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

"வண்டி சாவிய எடுங்கக்கா."

"இப்பவா? ஞாயித்துக்கெழமையில எவன் இருப்பான் அங்க?"

"எவனாவது இருப்பான். எனக்கு என் மேல நம்பிக்கை இல்லக்கா. இங்கன இருந்தேன்னா நான் படுத்துருவேன். எந்திரிங்க."

அக்காவின் ஸ்கூட்டரில் போனார்கள். அக்காதான் ஓட்டினார். ஜெசிந்தா பின்னால் உட்கார்ந்து அவர் தோளைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். ஓட்டுநர் இல்லாத பேருந்து ஒன்று பக்கத்தில் சத்தமில்லாமல் வந்து ஒதுங்கியது. எல்லா வாகனத்தையும் திட்டுகிற அக்கா அன்று அதைத் திட்டவில்லை.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் எரிச்சலோடு பார்த்தான். "கட்டிக்கு எதுக்குங்க கேஷுவாலிட்டிக்கு வர்றீங்க? நாளைக்குக் காலையில ஓ.பி.க்கு வாங்க" என்றான். "நாளைக்கு எனக்கு ஞாபகம் இருக்காதுங்க டாக்டர்" என்றாள் ஜெசிந்தா. அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். தலையில் பச்சை விளக்கைக் கண்டதும் அவனுக்குப் புரிந்தது; அவனும் தேர்வு எழுதி வந்தவன்தான். "எத்தனாவது தாள்?" என்று மெதுவாகக் கேட்டான். "நாலாவது." அவன் உடனே உள்ளே போய், சுற்றுக்கு வந்திருந்த அறுவை சிகிச்சை மருத்துவரான அம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தான். உட்காரச் சொன்னார்கள்.

நடைபாதையில் நீலநிற நாற்காலிகள். எதிரே ஒரு குழந்தை பிஸ்கட்டை உதிர்த்துக்கொண்டிருந்தது. அதன் அம்மா பொறுக்கிப் பொறுக்கித் தன் வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். சரியாக ஆறு மணிக்குத் தலையில் பட்டை இரண்டு முறை கூவியது. பச்சை அணைந்து சிவப்பு வந்தது. அவள் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பூட்டிக்கிச்சா?" என்று கேட்டார் அக்கா.

"ம்."

"இனி உனக்கு இது மறக்காதில்ல?"

"மறக்காதுக்கா."

அக்கா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, அன்று முதன்முறையாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பரிசோதனை முடிவு அவர்கள் பயந்தபடியேதான் வந்தது. ஆனால் நோய் அக்குளைத் தாண்டி வேறெங்கும் பரவியிருக்கவில்லை. முதலில் கட்டியைச் சுருக்க மருந்து ஏற்றிவிட்டு அப்புறம் அறுவை சிகிச்சை என்று அந்த மருத்துவ அம்மாள் சொன்னார். ஜெசிந்தா அவரைத் தனியாகப் பிடித்து, "ரெண்டு வாரம் முன்னாடியே வந்திருந்தா வித்தியாசம் இருந்திருக்குமா மேடம்?" என்று கேட்டாள். "ரெண்டு வாரத்துல பெருசா ஒண்ணும் ஆகியிருக்காது. வராமலே இருந்திருந்தா கதை வேற," என்றார் அவர். அந்தப் பதிலைக் கொண்டு ஜெசிந்தா தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை கையை வைத்துப் பார்த்துவிட்டு, தெரிந்தே போய்ப் படுத்தவள் ஒருத்தி தனக்குள் இருக்கிறாள். அவள் முகம்கூடத் தனக்குத் தெரியாது. அந்த நினைப்பு இரவில் புரண்டு படுத்தாலும் கூடவே புரண்டது.

கனடா மகன் இரண்டு வாரம் வந்து இருந்துவிட்டுப் போனான். மற்ற நாளெல்லாம் மருந்து ஏற்றும் அறையில் அக்காவின் பக்கத்தில் ஜெசிந்தாதான் இருந்தாள். அங்கேயே படித்தாள். மாதிரித் தாளும் இல்லை, வாராந்தர எடையும் இல்லை. சாதாரணக் கேள்விகள்தான், ஒரு நாளைக்கு நாற்பது. மருந்து சொட்டுகிற வேகத்துக்குக் கேள்வியும் மெதுவாக ஓடியது. சலிப்பு வரும்போது அக்கா கைப்பேசியை வாங்கித் தானே வாசித்துக் கேட்பார்.

"இது என்ன எழவு பேரு, வாயில நுழைய மாட்டேங்குது. மெத்தோ... மெத்தோடிரெக்... ஏங்கண்ணு, இது மருந்தா, ஊரா?"

"மருந்துதான்க்கா. விடைய மட்டும் வாசிங்க."

"மூணாவது."

"நாலாவதுன்னுல்லா நெனச்சேன்."

"தப்பு. போடு நூறு தோப்புக்கரணம்."

பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சிரிப்பார்கள். அப்படித் தப்பாகப் போன கேள்வி ஒன்றுகூட ஜெசிந்தாவுக்கு மறக்கவில்லை. எந்தக் கேள்வியை எந்த நாற்காலியில் உட்கார்ந்து தப்புவிட்டாள், அப்போது அக்காவுக்குக் குமட்டியதா இல்லையா என்பதுகூடச் சேர்ந்தே ஞாபகம் வந்தது. அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட ஆரம்பித்தாள். அண்ணன் குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதாம்.

எந்த எண்ணும் கையில் இல்லாமல், எங்கே நிற்கிறோம் என்று தெரியாமலேயே போய்த் தேர்வை எழுதினாள்.

வழக்கு, தடை என்று இழுத்து, ஏழு மாதம் கழித்து முடிவு வந்த அன்று விடுதியே ஆளில்லாமல் கிடந்தது. எழுதி முடித்ததுமே பெண்கள் அவரவர் ஊருக்குப் போயிருந்தார்கள்; வைத்தியம் முடிகிற வரை அக்கா புதிதாக யாரையும் சேர்க்கவில்லை. நூற்று ஐம்பத்தாறு. ஜெசிந்தா படியில் தடதடவென்று இறங்கிச் சமையலறைக்கு ஓடினாள். அக்காவுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, தலையில் புதுமுடி பள்ளிக்கூடத்துப் பையனைப்போலக் குட்டையாக முளைத்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் மூன்று மாடிக்கும் கேட்கிற பழைய குரலில் ஒரு சத்தம் போட்டார். உடனே அடுப்பைப் பற்றவைத்து, வேண்டாம் வேண்டாம் என்று அவள் சொல்லச் சொல்லக் கச்சாயம் சுட்டார்.

ஜெசிந்தா சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநாளாகச் சொல்ல நினைத்தது அப்போது வாயில் வந்தது.

"அக்கா, அந்த ரெண்டு ஞாயித்துக்கிழமைக்கு நான் உங்ககிட்ட இன்னும் மன்னிப்புக் கேக்கல."

அக்கா கரண்டியை எண்ணெயில் வைத்தபடியே திரும்பினார். அப்புறம் அடுப்பை அணைத்தார்.

"அது பொய் கண்ணு."

"எது?"

"அந்த ரெண்டு ஞாயித்துக்கெழமையுந்தான். அன்னைக்குத்தான் மொத மொதல்ல உன்றகிட்டச் சொன்னேன். அதுக்கு முன்னாடி ஒருத்தருகிட்டயும் சொல்லல, என்ற பையனுகிட்டக்கூட. மறந்துபோற பிள்ளைகிட்டச் சொன்னா நெஞ்சுப் பாரமாச்சும் எறங்குமேன்னுதான் மேல வந்தேன். நீ கைய வச்சுப் பாத்த. உன்ற மொகம் போன போக்கப் பாத்ததுந்தான் எனக்குச் சாகப் பயமாயிருச்சு. இந்தப் பிள்ளை மறந்துரப்படாதுன்னு தோணுச்சு. என்ன சொன்னா மறக்காதுன்னு யோசிச்சேன். அதுதான் வாயில வந்துச்சு."

ஜெசிந்தா மேடையிலிருந்து இறங்கினாள். சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது. "எத்தனை நாள் தூங்காமக் கெடந்திருக்கேன் தெரியுமாக்கா? என்னைய நானே எப்படியெல்லாம் ஏசிட்டுக் கெடந்தேன் தெரியுமா?" என்றாள்.

"தெரியும். அதுதான் இத்தன நாளா இதச் சொல்ல வாய் வரல." அக்கா ஒரு கச்சாயத்தை எடுத்து அவள் கையில் திணித்தார். "ஆனா ஒண்ணு கண்ணு. நான் அப்புடிச் சொன்னதும், 'நான் அப்படிப் பண்ணவே மாட்டனே'ன்னு நீ ஒரு வார்த்தை சொல்லுவேன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா முழிச்சிருப்பேன். நீ சொல்லவே இல்ல. கேட்டவொடனே நம்பிட்ட."

ஜெசிந்தா கையில் இருந்ததைப் பார்த்தாள். எண்ணெய் விரலில் சுட்டது.

"நீங்க அதச் சொல்றதுக்கு ஒரு நிமிஷம் முந்திதான்க்கா, போய்ப் படுத்துருவோம்னு நெனச்சேன்," என்றாள்.

அக்கா அடுப்பை மறுபடி பற்றவைத்தார். அடுத்த கரண்டி மாவை எண்ணெயில் மெதுவாக இறக்கினார்.

"தெரியும்," என்றார். "உன்ற கண்ணு கடியாரத்துக்குப் போச்சு. அதப் பாத்துட்டுத்தான் அந்தப் பொய்யச் சொன்னேன்."